மீட்டர் கோல் போகாத வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் ரவூப் பாய் துணிக்கடையில் ஏன் அப்படிக் கூட்டம் என்று கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள் ரவூப் பாய்தான். ஜும்மா தொழுகை முடிந்த கையோடு மனுசன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறிவிடுவார். அருவி, இடிந்த மண்டபம், நடுகல் என்று ஒன்றையும் விடமாட்டார். கல்லின் உயரம் படம் பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காகக் கடையில் துணி அளக்கும் இரும்பு மீட்டர் கோலையும் எடுத்துப்போய், கல்லோடு சாத்தி வைத்து எடுப்பார்.

கோல் மலைக்குப் போய்விட்டால் கடையில் எதால் அளப்பது? அவர் மனைவி ஷர்புன்னிசா துணியை மூக்கருகே பிடித்து, மறு கையை நீட்டி இழுப்பார். அதுதான் ஒரு மீட்டர். அந்த அம்மாள் நல்ல உயரம், கையும் நீளம், மனசு அதைவிடத் தாராளம். கருணாபுரத்துத் தையல்காரி கொளஞ்சியம்மாள் வேறு நாளில் அந்தப் பக்கமே வரமாட்டாள். “பாயம்மா கையால அளந்தா ஜாக்கெட்டும் ஆச்சு, கொழந்தைக்கு ஒரு சட்டையும் ஆச்சு” என்பாள்.

ஊருக்கு அள்ளிக் கொடுத்த ஷர்புன்னிசாவுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். “என்னியும் ஒருவாட்டி கூட்டிக்கினு போங்களேன்.”

“கடைய யாரு பாக்கறது? அடுத்த வாரம் பாக்கலாம். அதுவுமில்லாம ஆளு வந்து நின்னா படம் கெட்டுப்பூடும்.”

அடுத்த வாரம் வரவே இல்லை, மூட்டுவலிதான் வந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஆபரேஷன், அதற்குப் பிறகு கல்லுமேடு ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷர்புன்னிசா அழவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த ரவூப் பாய் தன்னையே நொந்துகொண்டார். பாவி, இத்தனை வருசம் இவளைக் கடையில் கட்டிப்போட்டுவிட்டேனே!

வந்த வெள்ளிக்கிழமை ஷட்டர் இறங்கியது. தெருவே வாயைப் பிளந்தது.

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கணவர் தோளைப் பிடித்துக்கொண்டு, பாறைக்குப் பாறை உட்கார்ந்து, ஒருவழியாக நடுகல்லுக்கு வந்து சேர்ந்தார் ஷர்புன்னிசா. கல்லில் வில்லும் வாளுமாக வீரன் நின்றான். “இவ்ளோ அழகா இருக்கானே, படத்துல இப்படி இல்லீங்களே!” என்று அவன் முகத்தைத் தடவிப் பார்த்தார்.

ரவூப் பாய் பையைத் துழாவினார். “கோலு எங்க?”

“கடையிலதான். நாந்தான் எடுத்து வெச்சிட்டேன்.”

“அட அல்லாவே! கல்லு இன்னா ஒயரம்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வலிக்கிற காலைப் பல்லைக் கடித்து ஊன்றி, வீரனுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். ரவூப் பாய்க்குக் கண் கலங்கிப்போனது. கண்ணைத் துடைத்த கையோடு பொத்தானை அமுக்கினார். படம் லேசாக ஆடித்தான் விழுந்தது.

அந்த ஆடிய படத்தைத்தான் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து ஷர்புன்னிசா அதன் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் பாயும் கடையில்தான்.

“கல்லு இன்னா ஒயரம் பாய்?” என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

“எங்க வூட்டம்மா தோள் வரைக்கும் வரும்.”

“அது எத்தினி மீட்டரு?”

“யாருக்கும்மா தெரியும்!” என்றார் ரவூப் பாய், மீட்டர் கோலைக் கையில் பிடித்துக்கொண்டே.