போதும் என்று கத்த ஓர் ஆள்

கூரை மேல் ஏறி இறங்கி என் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஈப்போ வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு டிஷ் மாட்டுவதுதான் இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. அதனால் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும், தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, எங்க டிவி என்னா ஆவும்? தூக்கிப் போட்றதா?" சிலிபினில் எங்கள் வீட்டுப் பக்கத்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால்கூட விடமாட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் பொறுமை போய், "இனிமே கூரை மேல இருக்கிற ஏரியலுக்கு வேலையே இல்லலா, புடுங்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

அது தப்பு. டிஜிட்டல் அலையும் அதே ஏரியல் வழியாகத்தான் வரும். டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தால் போதும். டிஷ்ஷைத் தவிர வேறெதையும் தொடாத எனக்கு அப்போது அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. என் பேச்சைக் கேட்டு எத்தனை பேர் நல்ல ஏரியலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்களோ. ஒரு வீட்டு ஏரியலை மட்டும் நானே ரம்பத்தை எடுத்து, கம்பத்தோடு அறுத்து இறக்கினேன். அது என் அப்பாவுடையது.

அப்பா சித்தியவான் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, தோட்டம் மூடியபோது கொடுத்த வீட்டில் தனியாக இருந்தார். அவர் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. எனக்கு அந்த இடத்தின்மேல் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. கொசுவும் சகதியும்தான் நினைவுக்கு வரும். இன்னொன்றும் வரும். சாயங்காலம் ஆனால் அப்பா வெளியே நின்று ஏரியல் கம்பத்தைத் திருப்புவார். அம்மா டிவிக்கு முன்னால் நின்று சன்னல் வழியாகக் கத்துவார். "வருது, வருது... ஐயோ போச்சி, திரும்ப அந்தப் பக்கம்... போதும்! நல்லா தெரியுது!" அதன் பிறகுதான் அப்பா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். தமிழ்ச் செய்தி தொடங்கும். அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி வந்த பிறகு, செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லும்போது மாத்திரையை விழுங்க வேண்டும் என்று அம்மா பழக்கிவிட்டிருந்தார். அம்மா போய் ஆறு வருடமாகியும், கம்பம் அம்மா கடைசியாகப் போதும் என்ற பக்கமே நிற்க, அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை. எங்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது.

ஏரியலை இறக்கிய அன்றே டிஷ்ஷை மாட்டி, அதன் பெட்டியையும் வைத்துக் கொடுத்தேன். "இந்த ரிமோட்டு டிவிக்கு, இந்த ரிமோட்டு பெட்டிக்கு" என்று மூன்று தடவை சொன்னேன். தலையாட்டினார். எனக்கு அடுத்த வீடு காத்திருந்தது, கிளம்பிவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் டிவியில் நீலத் திரை. எதையோ அழுத்தியிருக்கிறார். அது எத்தனை நாளாக அப்படி இருந்ததென்று அவருக்கே தெரியவில்லை. மேசை இழுப்பறையில் கிளினிக் கொடுத்த மாத்திரை அட்டைகள் உடைபடாமல் இருந்தன. கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏம்பா எனக்கு ஒரு போன் பண்ணல?"

"செய்தி வரட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "அங்க தனியா விட்டா சரிப்பட்டு வராதுலா. இங்க கூட்டிக்கிட்டு வந்துருங்க." அப்பாவோ அசையவே இல்லை. "அந்த ரூம்புக்குள்ள போட்டு அடைக்கவா? நான் செத்தாலும் இந்த வீட்லதான்." நடுவில் மாட்டிக்கொண்ட நான் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னேன். ஏரியலையே திரும்ப மாட்டி, அந்தச் சின்னப் பெட்டியை வைத்துப் பழையபடி செய்தி வரச் செய்கிறேன். மாத்திரை ஒழுங்காக உள்ளே போனால் அப்பா அங்கேயே இருக்கட்டும். போகாவிட்டால் சிலிபின். அப்பாவும் சரி என்றார்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போனேன். ஏரியலைத் தேடினால், அதைக் கொல்லையில் நட்டுப் பயற்றங்கொடி ஏற்றி வைத்திருந்தார். "இன்னும் ஒரு காய்கூட விடல, எடுத்துக்க" என்று அவரே கொடியை அறுத்துக் கொடுத்தார். புதுக் கம்பத்தில் கட்டி நிமிர்த்தும்போது என் முழங்கால் என்னைத் திட்டியது. டிஷ் என்றால் கையில் மீட்டர் இருக்கும், யாரும் கத்த வேண்டியதில்லை. நான் இந்த வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே அந்த மீட்டர் உதவாது. பெட்டியை முடுக்கியதும் அலைவரிசைகள் வந்துவிட்டன, ஆனால் படம் உறைந்து உறைந்து நின்றது. கம்பத்தைக் கொஞ்சம் திருப்பியாக வேண்டும். செய்தி நேரமும் நெருங்கிவிட்டது.

அப்பாவின் கையில் மாத்திரையைக் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "நான் வெளிய போயி திருப்புறேன். படம் நிக்காம ஓடுனா ஒரு சத்தம் குடுங்க."

"சரி, போ."

திருப்பினேன். சத்தமில்லை. "வந்துச்சாப்பா?" பதிலில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்ப முதலிலிருந்து. கை இற்றுவிட்டது. நாள் முழுக்க ஊரார் வீட்டில் செய்வது போதாதென்று இங்கேயுமா என்று எரிச்சலோடு உள்ளே போனேன். படம் கண்ணாடி போலத் தெரிந்தது. செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி, இரண்டாவது செய்திக்கே போய்விட்டிருந்தார். அப்பா அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாத்திரை உள்ளங்கையில் அப்படியே இருந்தது.

"இவ்வளவு நல்லா தெரியுது, ஏம்பா கத்தல?"

அவர் என்னை ஏதோ புரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நான் எதுக்குடா கத்தணும்? உங்கம்மா பாத்துச் சொல்லுவா. அவ இன்னும் போதும்னு சொல்லலையே. நீ போயி இன்னும் கொஞ்சம் திருப்பு."

நான் வெளியே போனேன். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், திருப்பவில்லை. அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரு டிவி கோளாறு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேனே. அங்கிருந்தே மனைவிக்குப் போன் செய்து அறையை ஒழித்து வைக்கச் சொன்னேன்.

இப்போது அப்பா சிலிபினில் எங்களோடு இருக்கிறார். எங்கள் டிவியில் திருப்புவதற்கு ஒன்றுமில்லை, பொத்தானை அழுத்தினால் படம். ஆனாலும் செய்தி நேரத்தில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கெஞ்சினாலும் திட்டினாலும் வாய் திறக்கமாட்டார். வந்த மூன்றாம் நாள்தான் எனக்கு அது உறைத்தது.

அதிலிருந்து தினமும், கூரையிலிருந்து இறங்கி வந்த அலுப்போடு, சட்டைகூட மாற்றாமல், அடுப்படிக்குப் போய் நின்று அங்கிருந்து நான் கத்துகிறேன்: "போதும்! நல்லா தெரியுது!"

அப்பா மாத்திரையை விழுங்குகிறார்.