மச்சாளுக்குச் சொல்லாத பயணம்

கலியாணமாகி ஒன்பதாவது வருடத்தில்தான் நானும் கணவரும் தனியாக ஒரு பயணம் போனோம். நோர்வேயில் நாங்கள் இருக்கும் பேர்கனிலிருந்து ஒஸ்லோவுக்கு, வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு. பிள்ளைகள் இருவரையும் கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பம் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அவர் பஸ் ஓட்டுகிறார். இருவருக்கும் ஒரே வாரக்கடைசியில் விடுமுறை அமைவதே அபூர்வம்.

ஒஸ்லோ எங்களுக்குப் புதிய ஊரல்ல. அவருடைய அக்கா, என் மச்சாள், அங்கே ரொம்சோஸ் என்ற பகுதியில் இருக்கிறார். கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் மச்சாள் வீட்டு ஹோலில் மெத்தை விரித்து எல்லாரும் வரிசையாகப் படுப்போம். நான் நோர்வேக்கு வந்திறங்கிய முதல் மூன்று மாதமும் அந்த வீட்டில்தான். மூன்று அறைகள், ஒன்பது பேர். அன்புக்குக் குறைவே இல்லை. ஆனால் புதிதாகக் கட்டிய கணவரோடு நாலு வார்த்தை தனியாகக் கதைக்க, குப்பை கொட்டுகிற சாட்டில் இருவரும் கீழே இறங்கிப் போகவேண்டியிருந்தது.

அதனால் இந்தத் தடவை மச்சாளுக்குச் சொல்லாமல் ஹோட்டலில் தங்குவோம் என்று நான்தான் சொன்னேன். அவர் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தார். பிறகு, "அக்கா அறிஞ்சால் என்ன நினைப்பா?" என்று கேட்டார். அறியமாட்டா என்று சொல்லிவிட்டேன்.

ஹோட்டல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சிறிய அறை. ஜன்னலுக்குக் கீழே டிராம் போகும்போது மேசையிலிருந்த கண்ணாடிக் குவளை மெல்ல அதிரும். உள்ளே போனதும் கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலில் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை காலை சிலைப் பூங்காவுக்குப் போனோம். முதல்நாள் உருகிய பனி மறுபடி உறைந்து, படிகள் கண்ணாடி மாதிரி இருந்தன. ஆணி வைத்த சப்பாத்தைப் போடச் சொல்லி அவர் காலையிலேயே சொன்னவர். நான் கேட்கவில்லை. பயணத்துக்கென்று வாங்கிய புதுச் சப்பாத்தைப் போட்டிருந்தேன். மேல்படியில் நின்று, என்னைப் படம் எடுங்கோ என்று திரும்பினேன். அடுத்த கணம் வலது கையை ஊன்றியபடி நாலு படி கீழே கிடந்தேன். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அவசர மருத்துவமனையில் என்னைப்போல விழுந்தவர்கள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். மணிக்கட்டு முறிந்துவிட்டது, ஆறு கிழமைக்குப் பிளாஸ்டர் என்றார்கள். அதைவிட எனக்கு அதிர்ச்சி, முன் வரிசையில் பிள்ளையோடு இருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி திரும்பி, கணவரை உற்றுப் பார்த்து, ரொம்சோஸ் அக்காவின் தம்பிதானே என்று கேட்டது. அவர் ஓம் என்றார். வேறென்ன சொல்வது?

மத்தியானம் ஹோட்டலுக்குத் திரும்பியதும் என் கோட்டைக் கழற்ற அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர் பிளாஸ்டர் கையைப் பிடித்து இழுக்கப் போக, நான் கத்திவிட்டேன். பிறகு, இல்லத்தில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அவருக்கும் சொன்னேன். கழற்றும்போது நல்ல கையை முதலில், போடும்போது நோகிற கையை முதலில். அவர் வாய்க்குள் சொல்லிச் சொல்லிச் செய்தார். தினமும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு உடுப்பு மாற்றிவிடுகிறவள் நான். நினைவு தெரிந்த பிறகு எனக்கு ஒருவர் மாற்றிவிட்டது அன்றைக்குத்தான். பிறகு என் தலைமயிரைப் பின்னிவிடப் பார்த்தார். மூன்று தரம் அவிழ்ந்து, நாலாம் தரம் கயிறு திரித்ததுபோல ஒரு பின்னல் வந்தது. கண்ணாடியில் பார்த்தபோது அழுகை வந்தது. நோவினால் என்று அவர் நினைத்தார். நானும் திருத்தவில்லை.

அப்போதுதான் அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. "ஓம் அக்கா" என்று மூன்று முறையும், ஹோட்டலின் பெயரை ஒரு முறையும் சொல்லி வைத்தார்.

நாலு மணிக்கு மச்சாள் வந்தார். சனிக்கிழமை வேலை முடித்து, வீட்டுக்குப் போய்ச் சமைத்துக்கொண்டு வந்திருக்கிறார். பையில் இடியப்பமும் சொதியும் இன்னும் சூடாக இருந்தன. என் பக்கத்தில் இருந்து, இடியப்பத்தைப் பிசைந்து தன் கையாலேயே எனக்குத் தீத்தத் தொடங்கினார். மச்சாள், குறை நினைக்காதையுங்கோ என்று ஏதோ தொடங்கினேன்.

"முதல் சாப்பிடு பிள்ளை" என்றார்.

கணவர் பெட்டியை எடுத்து உடுப்புகளை அடுக்க ஆரம்பித்தார். இவவுக்கும் கை ஏலாது, நாங்கள் உங்களோடை வந்து நிற்கிறோம் என்றார். மச்சாள் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், ஜன்னல், கதவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆறுதலாகப் பார்த்தார்.

"இருவது வருசமாய் இந்த ஊரிலை இருக்கிறன். வாற சனம் எல்லாம் முதல் எங்கடை வீட்டைதானே வந்தது. எனக்கு அது சந்தோசம்தான். எண்டாலும் இப்பிடி ஒரு அறையிலை, கதவைப் பூட்டிப்போட்டு ஒரு நாள் நித்திரை கொள்ளவேணும் எண்டு எனக்கும் எத்தினை நாள் இருந்தது."

பிறகு தம்பியைப் பார்த்து, "நீ பெட்டியை வை. இஞ்சையே நிண்டு இவளைப் பார். நாளைக்கு ரெயினுக்கு மட்டும் வெளிக்கிட்டால் காணும்" என்றார்.

அரை மணித்தியாலம்கூட நிற்கவில்லை. போகும்போது கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். மூன்று மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அந்த மனுஷிக்கும் ஓர் ஆசை இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வீட்டை நிறைத்த அந்த ஒன்பது பேரில் இரண்டு பேர் நாங்கள்.

எங்கள் பயணத்துக்குப் பிறகு வந்த வசந்தத்தில் மச்சாளும் அவருடைய கணவரும் டென்மார்க் போகிற கப்பலில் ஏறி, இரண்டு இரவு தனியாகப் போய்வந்தார்கள். தொலைபேசியில் சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு வெட்கம் இருந்தது. கடலைப் பார்த்தீங்களோ என்று கேட்டேன். இல்லை, கன நேரம் படுத்துக் கிடந்தோம் என்றார்.

மச்சாள் வந்துபோன மறுநாள், ஞாயிறு காலை, ஹோட்டல் சாப்பாட்டறையில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். அரண்மனையும் பார்க்கவில்லை, துறைமுகமும் பார்க்கவில்லை. அவர் பாணில் வெண்ணெய் பூசி, சிறு துண்டுகளாக வெட்டி என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் இருந்த நோர்வேஜியக் கிழவி அதைப் பார்த்து எனக்குத் தலையசைத்தார். ரயில் மலையேறியபோது வெளியே வெள்ளையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் தன் ஜக்கெற்றைச் சுருட்டி என் கைக்குக் கீழே அண்டக் கொடுத்துவிட்டு, நோகுதோ என்று கேட்டார். நோகத்தான் செய்தது. இல்லை என்று சொல்லி, அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.