ஏர்போர்ட் வாசலில் மாமனார்

"இவ்ளோ பெரிய நாட்டுல பஸ்ஸுல சுத்துனா பாதி ஆயுசு ரோட்டுலயே போயிடும் மாமா. நான் எப்பவும் ஃப்ளைட்டுதான்."

போன தீபாவளிக்கு மாமனாரிடம் நான் அடித்த ஜம்பம் இது.

இன்று காலை, ஐதராபாத்திலிருந்து ஸ்லீப்பர் பஸ்ஸில் பாண்டிச்சேரி வந்து, கடலூரில் மாறி, சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்தில் மாமனார் வீட்டில் ஃப்ளைட் என்றுதான் சொல்லியிருந்தேன்.

மாமனாரிடமிருந்து போன்.

"மாப்ள, சென்னை ஏர்போர்ட்டு வாசல்ல நிக்கிறேன். நீங்க எந்தப் பக்கமா வெளிய வருவீங்க?"

என்னை அழைத்துவர, சிதம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போயிருக்கிறார்!

"ஃப்ளைட்டு இன்னும் கெளம்பல மாமா" என்றேன். அதே நேரம் கண்டக்டர் என் காதருகே கத்தினார். "புதுச்சத்திரம் எல்லாம் எறங்கு!"

மாமனார் மெதுவாகக் கேட்டார்.

"ஒக்கார எடம் கெடச்சுதா மாப்ள?"

சட்டென்று போனை வைத்துவிட்டேன்.

இப்போது அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருக்கிறார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்குள் யாராவது ஒரு நல்ல பதில் எழுதுங்கள். 'ஃப்ளைட் கேன்சல்' மட்டும் வேண்டாம்.

அதை ஏற்கெனவே மாமியாரிடம் சொல்லிவிட்டேன்.