சிவப்பு வயர்

நானும் மனைவியும் சுவிஸில், ஓல்டன் நகரின் வாடகைக் கராஜ் ஒன்றில், பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி மூன்று வருடத்தில் ஒரு கார் செய்தோம். பக்கத்து நகரான சோலோதுர்னில், பழைய கார்களை மாற்றிக் கட்டும் ஹாட் ராட் பிரியர்கள் கூடிய கண்காட்சியில், காரைக் கட்டியவர் பெயரெழுதும் பலகையில் என் பெயரை மட்டும் எழுதினேன்.

திறந்திருந்த பொனற்றுக்குள் குனிந்து எஞ்சினைப் பார்த்த ஒரு சுவிஸ்காரர், "இவ்வளவு சுத்தமான வயரிங்! யார் செய்தது?" என்றார்.

"நான்தான்."

அவர் ஒரு சிவப்பு வயரைத் தொட்டு, அது எங்கே போகிறது என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவள்தான் ஜெர்மனில் பதில் சொன்னாள். வயரிங் முழுக்க அவள் வேலை. அவர் பலகையைக் காட்டி, தன் பேனையை அவளிடம் நீட்டினார்.

"நீர் முதலே சொல்லியிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன்.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

இப்போது பலகையில் அவள் பெயர்தான் முதலில். பெயின்ற் என் வேலை; அதை அடித்தது யார் என்று கேட்டால் மட்டும், "நான்தான்" என்கிறேன்.