அக்கா வரைந்த நேர்கோடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேர், அக்கா கப்பல் கட்டினார் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கருமாதி அன்றுகூட ஒரு சித்தப்பா என் தோளில் கைவைத்து, "கப்பலே கட்டின கை, இப்படிப் போயிடுச்சே தம்பி" என்றார். அந்த நேரத்தில் திருத்த மனம் வரவில்லை. ஓராண்டு ஆகிவிட்டது, இப்போது சொல்லிவிடுகிறேன். அக்கா கப்பல் கட்டவில்லை. சரக்கு ஏற்றாத, மீன் பிடிக்காத, வசதியுள்ளவர்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு கடலைச் சுற்றிவரும் மோட்டார் படகுகளுக்கு உருவம் வரைந்தார். எப்படி இருந்தால் கரையில் நிற்பவன் ஒரு படகைத் திரும்பிப் பார்ப்பான் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம்.

வலங்கைமானுக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். மேட்டூர் திறந்தால் தண்ணீர் வரும், தை கழிந்தால் மணல் தெரியும். ஊரில் யாரும் படகு வைத்திருந்ததில்லை. அங்கேதான் அக்கா எங்கள் வீட்டுக்குத் தலைமகளாகப் பிறந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீருக்கே என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்குள் படகு எங்கிருந்து வந்தது என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. ஆச்சரியம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கிறது.

அக்கா தஞ்சாவூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். படிப்பு அதோடு நின்றுவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா ஒற்றை ஆளாக நின்று சாகுபடியைப் பார்த்து, மகளைப் படிக்கவைத்தார். படிப்பு முடிந்து சென்னையில் கார் பாகங்கள் வரையும் கம்பெனி ஒன்றில் சில வருடம், பிறகு ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறை என்று அக்காவின் பாதை போனது. ஒருமுறை திருவாரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

"பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் தாயார்.

"படகு டிசைன் பண்றாங்க" என்றார் அம்மா.

"மீன்பிடிக்கிற படகா?"

"இல்லீங்க. சும்மா சுத்திப் பாக்குற படகு."

அவர்கள் காபியை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள், திரும்பி வரவில்லை. அக்கா அன்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புடவைக் கரை மாறுவது மாதிரி படகின் அழகும் மாறிக்கொண்டே இருக்குமாம். அவர் சேர்ந்த புதிதில் படகுகள் எல்லாம் வெள்ளை. மூக்கு முன்னால் சாய்ந்து நீண்டிருக்கும், பக்கவாட்டில் ரோஸ் நிறத்திலும் பச்சையிலும் பட்டைகள் ஓடும். கட்டிப்போட்டிருக்கும்போதே பறப்பது போலத் தெரிய வேண்டும் என்பது அன்றைய ஆசை. பிறகு எல்லாம் வளையத் தொடங்கியது. ஜன்னல் முட்டை வடிவம் ஆனது, கூரை உருண்டது, பக்கக் கோடு பின்னால் போகப்போகச் சரிந்து இறங்கியது. அக்காவும் அப்படியே வரைந்தார், நன்றாகவும் வரைந்தார்.

அப்படி வரைந்த படகு ஒன்றின் மாதிரியை, முழ நீளம் இருக்கும், ஒரு விடுமுறையில் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அந்த வருட ஆயுத பூஜையில் அம்மா டிராக்டருக்குப் பொட்டு வைத்தார், பம்புசெட்டுக்கு வைத்தார், அரிவாள், மண்வெட்டி, என் பைக் எல்லாவற்றுக்கும் வைத்தார். மகளின் தொழிலை மட்டும் விட்டுவிட முடியுமா? படகையும் இறக்கிவைத்து, அதன் பக்கவாட்டில் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என்று சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பொங்கலுக்கு அக்கா வந்தபோது குங்குமம் அந்த வெள்ளைப் பூச்சுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"உன் தொழில் ஆச்சேடி. டிராக்டருக்கு வச்சிட்டு இதுக்கு வைக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

மத்தியானம் வரை அக்கா அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்ட பிறகு அந்தப் படகைக் கூடத்துத் தரையில் வைத்து, எதிரே குந்தி, தலையைத் தரைக்குச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கினார். பரம்படித்த வயலில் தண்ணீர் கட்டிவிட்டு, மேடு பள்ளம் தெரிவதற்காக வரப்பில் குந்திப் பார்ப்போமே, அந்த மாதிரி. அக்கா வரைந்த கோடு பின்னால் சரிந்து ஓடியது. நிலைப்படிக்கு வைத்துப் பழகிய அம்மாவின் கை வைத்த பொட்டுகளோ நூல் பிடித்தது போல நேராக நின்றன. வெகுநேரம் பார்த்தார். என்னவென்று கேட்டதற்கு, "ஒன்னுமில்ல, போ" என்றார்.

அதற்கு அடுத்து அவர் வரைந்த படகில் வளைவு என்பதே இல்லை. மூக்கு செங்குத்தாக நின்றது. பக்கக் கோடு முன்னாலிருந்து பின்னால் வரை உடையாமல் ஒரே நேராகப் போனது. வெள்ளைக்குப் பதிலாக மழைமேகச் சாம்பல் நிறம். பட்டறையில் அதற்குச் செருப்புப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். முதலில் வாங்க ஆளில்லை, கேரளத்துக்காரரான முதலாளி கவலைப்பட்டார். சில வருடங்களில் பார்த்தால் எல்லாத் துறைமுகங்களிலும் செங்குத்து மூக்கும் நேர்கோடும் சாம்பல் நிறமும்தான். அக்காதான் உலகத்திலேயே முதலில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வேறு நாடுகளிலும் அதே சமயத்தில் வரைந்தார்கள் என்று அவரே சொல்வார். ஆனால் கேலி செய்த ஆட்களே பிறகு அதே மாதிரி வரைந்துகொண்டு அவரிடம் வந்து காட்டினார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

நான் மட்டும் அவரை விடுவதில்லை. "எல்லாம் அம்மா வச்ச பொட்டு. அம்மாதான் டிசைனர்" என்பேன். அம்மா மறைந்த பிறகும் இந்தச் சண்டை நடந்தது.

"பொட்டைப் பாத்துப் படகு வரைவாங்களாடா? நான் படிச்சதெல்லாம் வீணா?" என்பார். கடைசிவரை ஒப்புக்கொண்டதே இல்லை.

நோய் வந்து அக்கா ஊர் திரும்பினார். தஞ்சாவூருக்கு வைத்தியத்துக்குப் போய்வந்த நாட்கள் போக, மற்ற நாட்களில் கம்ப்யூட்டரில் ஒரு படகு வரைந்தார். அதுவே கடைசி என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்குள் நாகரிகம் மறுபடி மாறியிருந்தது. படகு கோபமாக முறைப்பது போல இருக்க வேண்டுமாம், பக்கவாட்டில் கறுப்புக் கண்ணாடி வெட்டு வெட்டாகப் பாய வேண்டுமாம். அக்காவின் கோட்டை நடுவில் மூன்று இடத்தில் வெட்டச் சொன்னார் முதலாளி.

"மேடம், மார்க்கெட் அதைத்தான் கேக்குது" என்றார் போனில்.

"இன்னைக்குக் கேக்கும் சார். அச்சு எடுத்துட்டா அப்புறம் மாத்த முடியாது. கோட்டை வெட்டாதீங்க" என்றார் அக்கா. அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது.

நேரில் போக டாக்டர்கள் விடவில்லை. பட்டறையின் ஃபோர்மேன் செல்வராசு பேராவூரணிக்காரர். அச்சு எடுப்பதற்காகச் செய்துவைத்த முழு அளவு உருவத்தின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, அக்காவின் கோடு எப்படி வருகிறது என்று வீடியோ காலில் காட்டினார். அங்கே வெயில் சாயும் நேரம்.

"செல்வராசு, கீழ குந்துங்க. போனைத் தரைக்குக் கொண்டாங்க. இன்னும் கீழ." கட்டிலில் படுத்தபடியே அக்கா போனைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். "பின்கதவுக்கு மேல ஒரு நெல்லு அளவு தூக்கியிருக்கு பாருங்க."

நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்வராசு தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாங்க மேடம்" என்றார். டேப்பைப் பிரித்து மறுபடி ஒட்டினார். உட்காரக்கூட முடியாத ஒருவர், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நெல் மேட்டை இங்கே படுத்துக்கொண்டு கண்டுபிடித்தார். என் வாழ்நாளில் நான் கண்ட பெரிய அதிசயம் அது. முதலாளி மட்டும் இன்னும் யோசிக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கோடு தப்பித்ததா என்று தெரிவதற்குள், சம்பா நடவு முடிந்த வாரத்தில், அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்.

அக்காவைக் கடைசிவரை வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட தஞ்சாவூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வயல் வேலையை நிறுத்திவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்ற ஊர் மக்களுக்கும், முகம் சுளிக்காமல் தாய்போலக் கவனித்த என் மனைவிக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். படகு தண்ணீரில் இறங்கும்போது டிக்கெட் அனுப்பி என்னை ஷார்ஜாவுக்கு அழைத்த முதலாளிக்கும் நன்றி. நான் ஏறிய முதல் விமானம் அது.

படகு பட்டறை வாசலில் வண்டிமேல் நின்றது. எங்கள் வீட்டைவிடப் பெரியது. நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது, வெட்டியிருந்தால் என்ன செய்வது என்று. பிறகு பார்த்தேன். கோடு முன்னாலிருந்து பின்னால் வரை உடையாமல் போயிற்று. முதலாளியைத் தரையில் குந்தவைத்துக் காட்டியதாகவும், வெள்ளைச் சட்டையோடு குந்தியவர் எழுந்து, "வெட்ட வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாகவும் செல்வராசு சொன்னார். நானும் அங்கேயே குந்தினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் கோட்டின்மேல் முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, சந்தனமும் குங்குமமும்.

"நீங்க வச்சதா?" என்றேன்.

"மேடம் சொல்லிட்டுப் போனதுங்க" என்றார் செல்வராசு. "தண்ணியில இறக்குற அன்னைக்கு மூணு இடத்துல பொட்டு வைக்கச் சொன்னாங்க. எதுக்கு மேடம்னு கேட்டேன். 'இந்தக் கோடு எங்க அம்மா போட்டது செல்வராசு. அவங்க கையெழுத்து வேணாமா? ஆனா என் தம்பிகிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க'ன்னாங்க."