வம்ச விருட்சத்தில் விடுபட்ட பெயர்

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, ராபர்ட்சன்பேட்டை வீட்டின் காத்தாவை, அதாவது சொத்துப் பதிவை, எங்கள் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. அம்மா முன்பே போய்விட்டதால், எங்கள் என்றால் நானும் தங்கையும்தான். அதற்கு முதலில் வம்ச விருட்சம் வேண்டும். இன்னாருக்கு இன்னார் வாரிசு என்று காட்டும் சான்று. தங்கை பூதிகோட்டையில் அங்கன்வாடி டீச்சர். "எல்லாம் நீயே பாத்துக்கோண்ணா" என்று சொல்லிவிட்டாள்.

நான் இருபது வருஷமாகப் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவன். கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பேச மட்டும்தான். படித்தது தமிழ் மீடியம். கன்னட பீரியடில் பாதி நாள் மைதானத்தில் இருந்தேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

தாலுகா ஆபீசுக்கு வெளியே கன்னடத்தில் மனு எழுதிக் கொடுக்கிறவர், "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். கட்டிக்கொடுத்த பெண்ணை எதற்குச் சேர்ப்பது என்று அவராகவே விட்டுவிட்டார் போலிருக்கிறது. "ஒரு வாட்டி படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்" என்று நீட்டினார். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். வரி வரியாகக் கண்ணை ஓட்டினேன். நடுவில் நிறுத்தி யோசிப்பது போலக்கூடச் செய்தேன். வெட்கங்கெட்ட நடிப்பு. பிறகு கையெழுத்துப் போட்டேன்.

சான்று வந்தது, காத்தாவும் வந்தது. வீட்டுக்கு வந்த தங்கையிடம் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். படித்தவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"இன்னாண்ணா, அப்பாவுக்கு நீ ஒருத்தன்தான் புள்ளன்னு போட்டுக்கீது?"

தூக்கிவாரிப் போட்டது. எனக்குப் படிக்கத் தெரியாதும்மா என்று சொன்னால் தீர்ந்தது. பக்கத்தில் மனைவி காபியோடு நின்றிருந்தாள். திருடன் என்று நினைத்தாலும் நினைக்கட்டும், எழுத்துத் தெரியாதவன் என்று மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"கேட்டிருந்தா என் பங்க நானே எழுதிக் குடுத்திருப்பேனேண்ணா" என்று மட்டும் சொன்னாள். காபியைத் தொடாமல் பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாளே லீவு போட்டு, வேறொருவரிடம் புது மனு எழுதி வாங்கினேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொல்லி, அவரையே வாசிக்க வைத்துக் கேட்டேன். மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு, இரண்டு பேர் பெயரும் ஏறிய காத்தாவோடு பூதிகோட்டைக்குப் போனேன்.

தங்கை தன் பெயரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "போவட்டும்ணா. ஏதோ ஆசப்பட்டுட்ட. மனசு மாறி வந்தியே, அது போதும்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். செய்யாத திருட்டுக்கு அவள் கொடுத்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, அவள் போட்ட சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.