மார்கழி மூச்சு

என் தங்கைக்கு என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுப்பதென்று முடிவானதும், பெங்களூர் டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். சிகரெட்டை அடியோடு விட வேண்டும். விடாவிட்டால் ஆபரேஷனுக்குத் தேதி கிடையாது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்ட என்ன கஷ்டம்?

கஷ்டமெல்லாம் விடிகாலையில்தான். ஓசூரில் மார்கழிப் பனி ரோட்டையே விழுங்கிவிடும். கம்பெனி பஸ் வரும்வரை வீட்டுக்கு எதிரே உள்ள ஸ்டாப்பில் தனியாக நிற்பேன். கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். பை காலி. ஒருநாள் சும்மா இரண்டு விரலை உதட்டில் வைத்து இழுத்து ஊதினேன். குளிருக்கு வாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. அசல் புகை மாதிரியே சுருண்டு, தெருவிளக்கின் மஞ்சளில் கொஞ்சம் தயங்கி, கரைந்தது. பாதித் தூக்கத்தில் அது சொர்க்கமாக இருந்தது. நாற்றமில்லாத சொர்க்கம். அப்புறம் தினமும் அதுதான் என் முதல் சிகரெட்.

தங்கை சாமல்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். டயாலிசிஸுக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான்; அங்கே இந்தக் குளிர் இல்லை. வாயில் ஆவி பறப்பதை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜன்னல்ல பாத்தேன். ஊதிக்கினு நிக்கிற. இப்படிப் பொய் சொல்லி எனக்கு நீ ஒண்ணும் குடுக்க வேணாம்ணா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைக் கட்டிப்போட்டுக்கொண்டு அல்லாடுகிறவனைப் போய்ப் பொய்யன் என்றால் யாருக்குத்தான் ஏறாது? "நாளைக்கு நீயே வந்து பாரு!" என்று கத்திவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிஜமாகவே ஸ்டாப்புக்கு வந்துவிட்டாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் ஆவி வந்தது. அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு தடவை ஊதிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறேன். நானும் விரல் வைத்து ஊதினேன். அந்த வெள்ளைக்குள் இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி மாறி மாறி ஊதிக்கொண்டு நின்றோம்.

என்னுடையது பாதி ரோடுவரை போனது. அவளுடையது உதட்டருகிலேயே தீர்ந்துபோனது. அதை அவளும் கவனித்துவிட்டாள்.

பஸ்ஸின் விளக்கு பனிக்குள் தெரிந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் தேதி கேளுண்ணா," என்றாள்.